கையெழுத்துக்கு மேலே காலி இடம்

அந்தக் கட்சியில் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் சண்டை.

வேறு எந்தக் கட்சியிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்க நியாயமில்லை. மத்தியக் குழுவில் நாற்பத்தோரு பேர். தலைவர் தேர்வு என்று கூட்டம் கூடினால், அறைக்குள் நுழைவதற்கு முன்பே வாசலில் ஒரு மேஜை இருக்கும், மேஜை மேல் ஒரு தாள் இருக்கும். தாளின் தலையில் 'மத்தியக் குழு ஏகமனதாகத் தீர்மானித்ததாவது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் காலி இடம். அதற்கும் கீழே கையெழுத்துப் போட நாற்பத்தோரு கோடுகள். வருகிறவர்கள் கோட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய், தொண்டை கட்டும் வரை சண்டை போடுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் பெயர் மிஞ்சும். அந்தப் பெயர் காலி இடத்தில் ஏறும். ஏகமனது என்றால் அவ்வளவுதான்.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் கோபித்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து போய், மறுநாளே தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டார். அந்த அடியில் கற்றுக்கொண்ட பாடம் இது. கையெழுத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் மனுஷன் எங்கே போவான்?

காலி இடத்தில் பெயரை ஏற்றுவது மினிட்ஸ் அக்காவின் வேலை. கட்சி அலுவலகச் செயலாளர். இருபத்தாறு வருடமாகக் கூட்டக் குறிப்பேட்டை எழுதி எழுதியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்து நாலு வயது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் கண்டுகொள்வதில்லை. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு வரி மிச்சமிருந்தாலும் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிடுவது அக்காவின் பழக்கம். நாளைக்கு யாரும் எதையும் உள்ளே நுழைத்துவிடக் கூடாதே! அப்பேர்ப்பட்ட அக்கா, அந்த ஒரு தாளின் காலி இடத்தை மட்டும் கோடு போடாமல் காத்து வைப்பார். அதில் உள்ள வேடிக்கை இருபத்தாறு வருடமாக அவருக்கே உறைக்கவில்லை.

அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு தடவை பிரிண்டர் கையெழுத்துப் போட்ட தாளை உள்ளே இழுத்துக் கசக்கிவிட, நாற்பத்தோரு பேரையும் தேடிப் பிடித்து மறுபடி கையெழுத்து வாங்குவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் இந்தத் தாளுக்காக மட்டும் பழைய டைப்ரைட்டர் ஒன்று உறை போட்டு வைத்திருந்தார்கள். சுவரில் வரிசையாக ஐந்து சட்டங்கள். ஐந்து தலைவர்கள், ஐந்து ஏகமனதுத் தாள்கள்.

ஐந்தாவது சட்டத்தில் இருந்த தலைவர் அந்த வருடத் தேர்தலோடு விழுந்தார். ஏழு இடம் வைத்திருந்த கட்சி இரண்டுக்கு வந்துவிட்டது. தோல்விக்கு முழுப் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அடுத்தது யார் என்று கேட்டதற்கு, "யார் வந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தவர்தான். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

நாற்காலிக்கு இரண்டு பேர் துண்டு போட்டார்கள். ஒருவர் வக்கீல். வாயைத் திறந்தால் சட்டம், மூடினால் யோசனை. இன்னொருவர் லாரி அண்ணன். பன்னிரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர், ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பதில் சூரர். மத்தியக் குழு காலை பத்து மணிக்கு, வழக்கம்போல வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தது. மத்தியானம் தாண்டியும் ஒரு முடிவும் இல்லை. இருபது பேர் இந்தப் பக்கம், இருபது பேர் அந்தப் பக்கம், அதிலும் ஒருவர் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வக்கீல்தான் வழி கண்டுபிடித்தார்.

"விதிப்படி தொண்ணூறு நாளைக்கு இடைக்காலத் தலைவர் போட்டுக்கலாம். நம்ம ரெண்டு பேர்ல யாரும் வேண்டாம். யாருக்கும் ஆகாதவங்கன்னு இல்லாம, யாருக்கும் தொந்தரவு இல்லாதவங்களா போடுவோம்."

"யாரு?" என்றார் லாரி அண்ணன்.

வக்கீல் மேஜையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். 'யாருக்கும் தொந்தரவு இல்லாதவர்' என்பது வரைக்கும் எழுதியாகிவிட்டது.

"அக்காவா? அக்கான்னா எனக்கு ஓகே" என்று லாரி அண்ணன் சிரித்தார். "நாற்காலி மேல தூசி படியாம பார்த்துக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தூங்கியவரும் விழித்து, எதற்கு என்று தெரியாமலே சிரித்தார். "அக்கா, உங்க பேரை நீங்களே அடிச்சிடுங்க" என்றார் வக்கீல். அக்கா டைப்ரைட்டரின் உறையைக் கழற்றி, தாளைச் செருகி, தன் பெயரைத் தானே அடித்தார். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்ற ஒரு கவலைதான் அப்போது அவருக்கு. நிரந்தரத்துக்கு நிற்பீர்களா என்று வெளியே ஒரு நிருபர் கேட்டபோது, "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அந்த வார்த்தைதான் பின்னால் அவர் காலையே வாரியது.

அக்காவின் கணவர் தையல்காரர். கடைத்தெருவில் ஒரே ஒரு மெஷின் வைத்த கடை. கட்சியில் கிளைச் செயலாளர். அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு, வியாழக்கிழமை தருகிறேன் என்றால் வியாழக்கிழமை தந்துவிடுவார். காய்ச்சல் வந்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி. சொன்ன சொல் தவறியதாக அந்தக் கடைத்தெருவில் ஒருவரும் சொல்ல முடியாது.

அக்கா இடைக்காலத் தலைவரான மறுநாள், இடுப்பு இறுகிவிட்ட ஒரு கால்சட்டையை எடுத்துக்கொண்டு வக்கீல் அந்தக் கடைக்குப் போனார். தையல்காரர் பிரித்துப் பார்த்து, இன்னும் ஒரு அங்குலம்தான் துணி இருக்கிறது, அதற்கு மேல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். வக்கீல் சிரித்துவிட்டு, "நிரந்தரத் தலைவர்னு வர்றப்போ உங்க கிளை என் பக்கம்தானே?" என்று கேட்டார். வீட்டுக்காரிதான் வேண்டாமென்று சொல்லிவிட்டாளே. "உங்க பக்கம்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஊசியில் நூலைக் கோத்தார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம் செய்த காரியம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கிளைச் செயலாளர்களின் பட்டியலை எடுத்தார். எழுநூறு பெயர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். எண்பத்தேழு பேர் செத்துப் போயிருந்தார்கள், அல்லது இடம் மாறியிருந்தார்கள், அல்லது எந்தக் காலத்திலோ வேறு கட்சிக்குப் போயிருந்தார்கள். செத்தவர்கள் சார்பாகப் பல வருடமாகத் தீர்மானங்கள் வந்துகொண்டிருந்தது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. எண்பத்தேழையும் கோடு போட்டு அடித்தார். மிச்சம் அறுநூற்றுப் பதின்மூன்று பேர். அதில் பாதிப் பேர், தலைமை அலுவலகத்திலிருந்து தங்களுக்கு வந்த முதல் போன் அதுதான் என்றார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியை மூடப் போகிறார்கள் என்று ஒரு கிளை அலறியது. வக்கீலாக இருந்தால் வழக்குப் போட்டிருப்பார், லாரி அண்ணனாக இருந்தால் நாலு லாரியில் ஆளைக் கொண்டுபோய் இறக்கியிருப்பார். அக்கா ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போய் எதிரே உட்கார்ந்தார்.

"இந்த ஆஸ்பத்திரியை ஒரு நாளும் மூட மாட்டோம்னு உங்க ஆபீஸ்தான் எழுதிக் கொடுத்திருக்கு. பதினாலு வருஷம் ஆச்சு. கீழே இருக்கிற கையெழுத்து யாருதுன்னு நீங்களே பாருங்க."

கீழே இருந்தது அதே அதிகாரியின் கையெழுத்து, அவர் சின்னப் பதவியில் இருந்த காலத்தில் போட்டது. ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. கிளைகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. முதலில் நன்றி என்றார்கள், பிறகு நம்ம பக்கமும் ஒரு தடவை வாங்க என்றார்கள், அப்புறம் மெதுவாக, நீங்களே இருந்துட்டா என்ன அக்கா என்றார்கள்.

நாற்பதாவது நாள் வாக்கில் அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது? இருபத்தாறு வருடம் அடுத்தவர் பெயரை அடித்த கைக்கு, நாற்காலி தனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த ஐந்து தலைவர்களைவிடவும் இந்த வேலை தனக்கு நன்றாக வரும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பும் இல்லை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய், துணி வெட்டும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கணவரிடம் சொன்னார்.

"என்னங்க, நான் நிரந்தரத்துக்கு நிக்கலாம்னு இருக்கேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "நீ வேண்டாம்னியே."

"அப்போ வேண்டாம்னு இருந்துச்சு. இப்போ வேணும்னு இருக்கு."

அவர் சாக்குக் கட்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "நான் வக்கீலுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்மா."

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அது நடக்கிற காரியமில்லை என்று தெரியும். அந்தக் குணத்துக்காகத்தான் அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதும். ஆனாலும் வலித்தது. நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து, மேடை ஏறுவதற்கு உனக்கு ஒரு நல்ல கோட்டு இல்லையே என்று சொல்லிக்கொண்டு தையல்காரர் அளவெடுக்க வந்தார். அக்கா கையை விரித்துக் கொடுத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்பத்தெட்டாவது நாள் மத்தியக் குழு கூடியது. வாசலில் மேஜை, மேஜையில் தாள். வந்தவர்கள் குனிந்து, தங்கள் கோட்டைக் கண்டுபிடித்து, கிறுக்கிவிட்டு உள்ளே போனார்கள். தன்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும், எழுதாத தாளில் உயிரே போனாலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று புத்தி சொல்கிற வக்கீல்தான் முதல் கையெழுத்து. அவருக்கு அடுத்தது லாரி அண்ணன்.

உள்ளே சண்டையே இல்லை. அக்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இரண்டு பேரும் வெளியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். வக்கீல் தலைவர், லாரி அண்ணன் பொதுச்செயலாளர். அக்கா எழுந்து, நானும் நிற்க விரும்புகிறேன் என்றார். அறையில் யாரோ செருமினார்கள். லாரி அண்ணன், குழந்தை ஏதோ சொல்லிவிட்ட மாதிரி தலையாட்டினார்.

"அக்கா, நீங்க ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டீங்க. இப்போ கொடுத்துடுங்க."

"அதுக்கில்லக்கா, ஏற்கனவே பேசி முடிச்சாச்சு" என்றார் வக்கீல். "என் பேரை அடிச்சு வைங்க. நாங்க சாப்பிட்டு வந்துடறோம். ரெண்டு மணிக்கு நிருபர்களைக் கூப்பிட்டிருக்கு."

நாற்பது பேரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். அக்கா கதவைச் சாத்திவிட்டு டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்தார். தாளைச் செருகினார். உருளையைத் திருப்பினார். காலி இடம் மேலே வந்து நின்றது. அதற்குக் கீழே, பழைய தலைவரின் இடத்தில் அக்கா போட்டதையும் சேர்த்து நாற்பத்தோரு கையெழுத்து.

தன் பெயரை அடித்துவிடலாமா என்ற நினைப்பு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. விரல் முதல் எழுத்தின் மேல் போயே விட்டது. மூன்று நொடி வேலை. யார் என்ன செய்ய முடியும்? சுவரில் இருந்த ஐந்து சட்டங்களையும் நிமிர்ந்து பார்த்தார். ஐந்தையும் அடித்த கை இதுதான். ஆறாவதும் அதே மாதிரி என்றால், ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா எதற்கு, எழுநூறு போன் எதற்கு? விரலை எடுத்தார். உள்ளங்கை வியர்வையை, கணவர் தைத்துக் கொடுத்த கோட்டில் துடைக்கப் போய், புதுக் கோட்டாயிற்றே என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு நிதானமாக, ஒரு பிழை இல்லாமல், அடிக்க ஆரம்பித்தார். 'கட்சியின் நிரந்தரத் தலைவரை அறுநூற்றுப் பதின்மூன்று கிளைச் செயலாளர்களும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். இடைக்காலத் தலைவர் உட்பட யாரும் போட்டியிடலாம். வாக்கெடுப்பு வரும் மூன்றாவது ஞாயிறு. அதுவரை இடைக்காலத் தலைவர் தொடர்வார்.'

தாளை உருவி எடுத்துக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போனார். சீக்கிரமே வந்துவிட்ட நிருபர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வரியையும் உரக்கப் படித்தார். தாளைத் தூக்கிப் பிடித்து, கையெழுத்துகளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் டீயைக் கீழே வைக்க மறந்து ஒரு கையாலேயே படம் எடுத்தார்.

செய்தி சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வக்கீல் கை கழுவாமலே வந்தார்.

"அக்கா, இது மோசடி! அப்பட்டமான மோசடி!"

"எதுங்க மோசடி? அது உங்க கையெழுத்து இல்லையா?"

"என் கையெழுத்துதான். ஆனா நான் போடறப்போ இது எழுதியிருக்கலையே!"

"சரி, அப்போ என்ன எழுதியிருந்துச்சு?"

பின்னால் வந்த லாரி அண்ணன், "அதானே, என்ன எழுதியிருந்துச்சு?" என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

"நிருபர்கள் இன்னும் வராந்தாவுலதான் இருக்காங்க" என்றார் அக்கா. "வெறுந்தாள்லதான் நாங்க நாப்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டோம், ஒவ்வொரு தலைவரையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம்னு போய்ச் சொல்லுங்க. நான் மறுக்க மாட்டேன்."

ஒருவரும் வராந்தாப் பக்கம் போகவில்லை.

நியாயமா இது என்று கேட்டால், இல்லை. அக்காவுக்கே அது தெரியும். அன்றைக்கு முழுக்க ஒரு உறுத்தல் அவருக்கு உள்ளே இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்காக ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை என்பதும் உண்மை.

அடுத்த மூன்று வாரம் வக்கீலும் அக்காவும் கிளை கிளையாக அலைந்தார்கள். வக்கீலை லேசாக எடை போட்டுவிடக் கூடாது, மனிதர் பேசினால் கல்லும் கை தட்டும். பத்து பொதுக்கூட்டத்தில் பேசினார், பத்திலும் கை தட்டினார்கள். அக்கா கூட்டமே போடவில்லை. கிளைச் செயலாளர்களின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, என்ன குறை என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். எழுதினால் அக்கா விடமாட்டார் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வாக்கெடுப்பு நாள் காலையில் கோட்டின் மேல் பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரர் கோட்டை வாங்கி, வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பித்தானை இறுக்கித் தைத்து, நூலைப் பல்லால் அறுத்தார். உள்பக்கம் பேனா வைக்க ஒரு பாக்கெட் வைத்திருப்பதைக் காட்டினார்.

"உன் பேனா அளவுக்கு வச்சிருக்கேன். குனிஞ்சாலும் விழாது."

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டார். கேட்கக் கூடாது என்று இருந்தவர், கேட்டுவிட்டார். "இன்னைக்கு யாருக்குப் போடப் போறீங்க?"

"வக்கீலுக்குத்தான். சொல்லிட்டேனே."

"ரகசிய ஓட்டுதானே. எனக்குப் போட்டாலும் யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் தையல்காரர். பிறகு எழுந்து, கோட்டின் தோளை இரண்டு கையாலும் நீவி விட்டார். "நீ ஜெயிச்சிடுவே. என் ஓட்டு இல்லாமலே ஜெயிச்சிடுவே பாரு."

அக்காவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள்.

அறுநூற்றுப் பதின்மூன்று பேரில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கட்சி வரலாற்றில் முதல் ஓட்டு என்பதால் ஓட்டுப் பெட்டி என்று ஒன்றும் கிடையாது. பேப்பர் வந்த அட்டைப் பெட்டிகளுக்கு மேல்பக்கம் கீறி, ஓரத்தில் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அதிலும் சிலர் சீட்டைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். போட வேண்டாம், பெயருக்கு நேரே குறி மட்டும் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மத்தியானம் மூன்று மணிக்கு எண்ணிக்கை ஆரம்பித்தது. இரண்டு தரப்பு ஆட்களும் சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி மேஜை மேல் அடுக்கினார்கள். இரண்டு அடுக்கும் சமமாகவே ஏறிக்கொண்டு போனது. அக்கா ஜன்னல் பக்கம் நின்று பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார், அது அசையவே இல்லை.

அக்கா முந்நூற்று நாலு. வக்கீல் இருநூற்றுத் தொண்ணூறு. செல்லாதது நாலு, அதில் மூன்றில் கையெழுத்துப் போட்டிருந்தது.

அறை இரைந்து அடங்கியது. ஆஸ்பத்திரிக் கிளைக்காரர் ஒருவர் அழுதேவிட்டார். ஜெயித்துவிட்டோம், நான் ஜெயித்துவிட்டேன் என்று அக்கா இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நன்றாக இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து, மத்தியக் குழு அறையில் வக்கீல் எழுந்து வந்து கை கொடுத்தார். தோற்றாலும் முகத்தைச் சுளிக்காத மனிதர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொரு கையில் ஒரு தாள் இருந்தது. மேலே அந்த வரி, நடுவே காலி இடம், கீழே நாற்பது கையெழுத்து. அக்காவின் கோடு மட்டும் பாக்கி.

"வெளியில போய்ச் சண்டைன்னு பேசக் கூடாது பாருங்க. அதான் எல்லாரும் போட்டுட்டோம். ஏகமனதா தேர்ந்தெடுத்தோம்னு உங்க பேரை அடிச்சிடுங்க. ஆறாவது சட்டம் தயாரா இருக்கு."

"எண்ணிக்கையெல்லாம் எதுக்கு அக்கா?" என்றார் லாரி அண்ணன். "உங்களுக்குத்தான் கௌரவம்."

உண்மைதான், கௌரவம்தான். மற்ற ஐந்து பேருக்கும் கிடைத்தது. அக்கா தாளை வாங்கிக்கொண்டார். பிறகு அறையின் பின்பக்கம், கிளைச் செயலாளர்களோடு நின்றுகொண்டிருந்த தையல்காரரைப் பார்த்தார். உள்பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, காலி இடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார்.

"இருநூத்தித் தொண்ணூறு பேர் நான் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர். காலையில இந்தப் பித்தானைத் தைச்சுக் கொடுத்துட்டு, என் கூடவே பஸ்ஸுல வந்து, வக்கீல் சாருக்கு ஓட்டுப் போட்டவர். ஏகமனதுன்னு நான் எழுதினா, அவர் ஓட்டே போடலைன்னு ஆயிடும். அந்த மனுஷன் சொன்ன சொல் தவறுறவர் இல்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரருக்குக் காது சிவந்துவிட்டது. வக்கீல்தான் ரொம்ப ஆச்சரியமாகப் பார்த்தார். கால்சட்டையோடு போன அன்று வாங்கிய அந்த வாக்குறுதியை அவரே மறந்து போயிருந்தார்.

"போன கூட்டத்துல நான் செஞ்சதும் சரியில்லை" என்றார் அக்கா. "இனிமே என்னாலயும் முடியக் கூடாது, வேற யாராலயும் முடியக் கூடாது."

டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டு மூடினார். குறிப்பேட்டைத் திறந்து, முந்நூற்று நாலு, இருநூற்றுத் தொண்ணூறு, செல்லாதவை நாலு என்று தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்த இடத்துக்கும் கையெழுத்துக் கோடுகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. அதையும் கோடு போட்டு அடைத்தார். பிறகு குறிப்பேட்டைத் திருப்பி வக்கீலின் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க சார்."

வக்கீல் பேனாவை எடுத்துக் குனிந்தார். நிமிர்ந்தார். சட்டைப் பையைத் தடவினார், பையைத் திறந்து பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி என் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் அந்த அறையில் கையெழுத்துப் போட அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை.